பயங்கர ஆட்சியை முடித்தவர்கள் அதை முடிக்க நினைத்தவர்கள் அல்லர்

"ரோபஸ்பியரின் தலை விழுந்தது, பயங்கர ஆட்சி முடிந்தது என்று எல்லாப் புத்தகங்களிலும் ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற ஓர் அரசு ஒரு ஆள் செத்ததும் எப்படி நிற்கும்? மக்கள் எழுந்தார்களா, ராணுவம் கவிழ்த்ததா?" இதுதான் கேள்வி. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793-94-ல் தன் எதிரிகள் என்று நினைத்தவர்களைக் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பிய காலம்தான் பயங்கர ஆட்சி, அந்த அரசின் முன்னணித் தலைவர் ரோபஸ்பியர். நீங்கள் தேதியையோ காரணப் பட்டியலையோ கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் ஓர் அரசில், முதலில் வாய் திறப்பவர் யார், அவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் உங்கள் சந்தேகம். நான் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறவன். பிரெஞ்சுப் புரட்சியைக் கொஞ்சம் ஆழமாகப் படித்திருக்கிறேன். கடைசியில் ரஷ்யா, சீனா, கம்போடியா பற்றிச் சொல்லப்போவது பொது வாசிப்பிலிருந்து வந்தது, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடியான பதில். மக்கள் எழுந்து கவிழ்க்கவில்லை, ராணுவமும் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தவர்கள் அதே அரசுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களில் பலருடைய கைகளில் ரோபஸ்பியரின் கையில் இருந்ததைவிட அதிக ரத்தம். கொலையை நிறுத்த வேண்டும் என்பதற்காக அவர்கள் கிளம்பவில்லை, அடுத்த பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறது என்று பயந்து கிளம்பினார்கள். பிறகு நிறுத்த வேண்டிய கட்டாயம் அவர்கள்மேல் வந்து விழுந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1793 ஜனவரி 21 அன்று மன்னர் பதினாறாம் லூயியின் தலையை வெட்டினார்கள். சில வாரங்களில் பிரிட்டனும் ஸ்பெயினும் போருக்கு வந்துவிட்டன. ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் ஏற்கெனவே களத்தில் இருந்தன. மார்ச்சில் மேற்கே வான்தே பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தார்கள், கோடையில் லியோன், மார்செய், தூலோன் நகரங்கள் பாரிஸுக்கு எதிராகத் திரும்பின. இந்த நெருக்கடியில்தான் கன்வென்ஷன் என்ற பேரவை தன் அதிகாரத்தைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. முக்கியமானவை இரண்டு: போரையும் ஆட்சியையும் நடத்திய பொதுப் பாதுகாப்புக் குழு (ரோபஸ்பியர் இதில்தான் இருந்தார்), கைதுகளைக் கவனித்த போலீஸ் குழு. செப்டம்பர் 17-ல் சந்தேகத்துக்குரியோர் சட்டம் வந்தது. யாரையும் பிடித்து உள்ளே போட அது போதும். நாடு முழுவதும் தீர்ப்பின் பேரில் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 17,000 பேர் என்ற கணக்கைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். விசாரணையே இல்லாமல் கொல்லப்பட்டவர்கள், சிறையில் நோயால் செத்தவர்கள், வான்தே போரில் மடிந்தவர்கள் எல்லாம் இதற்கு மேல். அந்த எண்ணிக்கையில் ஆய்வாளருக்கு ஆய்வாளர் பெரிய வித்தியாசம் உண்டு.

இதுவரை செத்தவர்களில் பெரும்பாலோர் அரசுக்கு வெளியே இருந்தவர்கள், அல்லது தோற்ற கட்சியினர். 1794 வசந்தத்தில் நிலைமை மாறியது. மார்ச் 24 அன்று எபேரும் அவருடைய கூட்டாளிகளும் கில்லட்டினுக்குப் போனார்கள். அவர்கள் பாரிஸ் தெருக்களின் தீவிரவாதிகள். ஏப்ரல் 5 அன்று தாந்தோன் போனார். முடியாட்சி விழுந்த 1792-ன் நாயகர் அவர், பயங்கரத்தைத் தளர்த்தலாம் என்று பேசத் தொடங்கியிருந்தார். அவர் கைதான மறுநாள் லெஜாந்த்ர் என்ற உறுப்பினர் எழுந்து, தாந்தோன் இங்கே வந்து தன் தரப்பைச் சொல்லட்டும் என்று கேட்டார். ரோபஸ்பியர் பேசினார், லெஜாந்த்ர் பின்வாங்கினார், பேரவை மௌனமாகத் தலையாட்டியது. அன்று அந்த மன்றத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று புரிந்திருக்கும்: புரட்சியில் எவ்வளவு பெரிய பங்கு இருந்தாலும் அது கழுத்தைக் காப்பாற்றாது.

அப்புறம் ஜூன் 10. புரட்சியின் புதிய நாட்காட்டியில் அது ப்ரேரியால் 22, அந்தச் சட்டத்துக்கும் அதே பெயர். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. சாட்சி கட்டாயமில்லை. தீர்ப்பு இரண்டே இரண்டு, ஒன்று விடுதலை, இல்லை மரணம். பாரிஸ் புரட்சி நீதிமன்றம் தொடங்கியதிலிருந்து இந்தச் சட்டம் வரும்வரையிலான பதினைந்து மாதங்களில் சுமார் 1,250 பேரைக் கொன்றது, சட்டம் வந்த பிறகு ஏழு வாரங்களுக்குள் ஏறத்தாழ 1,370 பேர். இதே சட்டத்தில், பேரவையின் அனுமதியின்றி அதன் உறுப்பினர்மேல் கை வைக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் போய்விட்டதோ என்று உறுப்பினர்கள் கலங்கினார்கள். மறுநாளே அந்தப் பாதுகாப்பை உறுதிசெய்து ஒரு தீர்மானம் போட்டார்கள், அதற்கு மறுநாள் ரோபஸ்பியரும் குழுவில் அவருடைய கூட்டாளியான கூத்தோனும் அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். பேரவையின் பயம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அதே ஜூன் 26 அன்று ஃப்ளூரஸ் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை ஆஸ்திரியர்களைத் தோற்கடித்தது, பெல்ஜியம் திறந்துவிட்டது. லியோனும் தூலோனும் முன்பே அடங்கிவிட்டன. எதிரி வாசலில் நிற்கிறான் என்றுதான் இத்தனையையும் நியாயப்படுத்தினார்கள். எதிரி ஓடிக்கொண்டிருக்கும்போது தலைகள் முன்பைவிட வேகமாக விழுகின்றன என்றால் கேள்வி வரத்தானே செய்யும். ஆனால் போர் வெற்றியால்தான் பயங்கரம் முடிந்தது என்று நேர்கோடு போடாதீர்கள். வெற்றி, சாக்கை மட்டுமே பறித்தது. கத்தியை எடுத்தது வேறு ஆட்கள்.

அந்த ஆட்களைப் பாருங்கள். ஃபூஷே: லியோனில் கைதிகளைக் கூட்டமாக நிறுத்திப் பீரங்கியால் சுட்டவர்களில் ஒருவர். ஃப்ரெரோனும் பாராஸும் தூலோனிலும் மார்செயிலும் பழிதீர்த்தவர்கள். தல்லியேன் போர்தோவில் கில்லட்டின் நடத்தியவர், அவருடைய காதலி தெரேசா கபாருஸ் அப்போது பாரிஸ் சிறையில். இவர்கள் எல்லோரும் மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டுத் திரும்ப அழைக்கப்பட்டவர்கள். இவர்களுடைய அட்டூழியமும் ஊழலும் ரோபஸ்பியருக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு பக்கம் அவருடைய குழுவுக்குள்ளேயே பில்லோ-வரென், கொல்லோ தெர்புவா ஆகியோருக்கு அவர்மேல் கசப்பு. போர் நிர்வாகத்தைப் பார்த்த கார்னோவுக்கும் ரோபஸ்பியரின் நெருங்கிய கூட்டாளி சான்-ஜூஸ்டுக்கும் நேரடிச் சண்டை. தன் அதிகாரத்தில் ரோபஸ்பியரின் ஆட்கள் கை வைக்கிறார்கள் என்று போலீஸ் குழு பொருமிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் ரோபஸ்பியர் செய்ததுதான் விசித்திரம்: ஜூன் பிற்பகுதியிலிருந்து பேரவைக்கு வரவில்லை, குழுக் கூட்டங்களுக்கும் ஏறத்தாழ வருவதை நிறுத்திவிட்டார். உடல்நலம், மனச்சோர்வு, கோபம் என்று பல விளக்கங்கள் உண்டு. எதையும் அடித்துச் சொல்ல ஆவணம் இல்லை. ஆனால் ஒரு மாதம் கண்ணில் படாத ஆள் எதையோ தயாரிக்கிறார் என்றுதானே மற்றவர்கள் நினைப்பார்கள்.

ஜூலை 26, புதிய நாட்காட்டியில் தெர்மிடோர் 8. ரோபஸ்பியர் பேரவைக்கு வந்து சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். சதி நடக்கிறது, அது பேரவைக்குள்ளேயே இருக்கிறது, குழுக்களைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்றார். யார் யார் என்று மட்டும் சொல்லவில்லை. பெயரைச் சொல்லுங்கள் என்று சத்தம் வந்தது. அவர் மறுத்தார். என் கணிப்பில் அவருடைய முடிவை எழுதியது இந்த மறுப்புதான். ஐந்து பெயரைச் சொல்லியிருந்தால் மற்ற எழுநூறு பேரும் பெருமூச்சு விட்டு அந்த ஐவரை ஒப்படைத்திருப்பார்கள், தாந்தோன் விஷயத்தில் செய்த மாதிரி. பெயர் சொல்லாததால் ஒவ்வொருவரும் தன் பெயரை அந்த இடத்தில் நிரப்பிக்கொண்டார்கள். நிதியைக் கவனித்த கம்போன் எழுந்து, பேரவையின் விருப்பத்தை முடக்கிவைத்திருப்பவர் ஒருவரே, அவர் ரோபஸ்பியர் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதைச் சொன்ன பிறகும் வானம் இடிந்து விழவில்லை என்பதை மற்றவர்கள் கவனித்தார்கள். அன்றிரவு ரோபஸ்பியரின் ஆதரவாளர்கள் கூடும் அரசியல் மன்றமான ஜாக்கோபின் மன்றத்தில் ரோபஸ்பியர் அதே உரையை மறுபடி வாசித்தார், கைதட்டல் வாங்கினார். பில்லோவையும் கொல்லோவையும் அங்கிருந்து துரத்தினார்கள். இருவரும் நேரே குழு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே சான்-ஜூஸ்ட் மறுநாள் படிக்க வேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பற்றித்தானே எழுதுகிறாய் என்று விடிய விடியச் சண்டை.

மறுநாள் சான்-ஜூஸ்ட் மேடையேறிச் சில வரிகள் படிப்பதற்குள் தல்லியேன் குறுக்கே பாய்ந்தார். பில்லோ தொடர்ந்தார். தல்லியேன் ஒரு கத்தியை உருவிக் காட்டினார். தலைமை நாற்காலியில் முதலில் கொல்லோ, பிறகு தூரியோ. ரோபஸ்பியர் வாய் திறக்கும்போதெல்லாம் மணியை அடித்து அவர் குரலை மூழ்கடித்தார்கள். 'கொடுங்கோலன் ஒழிக' என்ற கூச்சல். அவர் எந்தப் பக்கமும் சேராத நடு இருக்கைக்காரர்களை நோக்கித் திரும்பினார். அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஓராண்டாக அவருக்குக் கை தூக்கியவர்கள், அன்று தூக்கவில்லை. கைது செய்யலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் லூஷே என்ற, அதுவரை யாரும் கவனிக்காத உறுப்பினர். ரோபஸ்பியர், கூத்தோன், சான்-ஜூஸ்ட் மூவரும் கைதானார்கள். தம்பி ஒகுஸ்தேனும் லெ பா என்ற நண்பரும் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தாங்களாகவே கேட்டுப் போனார்கள்.

மக்கள் எழுந்தார்களா என்று கேட்டீர்களே, அதற்கான பதில் அன்றிரவில் இருக்கிறது. பாரிஸ் நகராட்சி ரோபஸ்பியரின் பக்கம். அவரை அடைக்க மறுத்துச் சிறை அதிகாரிகளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நகர மண்டபத்தின் முன் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காவல்படையினர் முப்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளுடன் கூடினார்கள். மாலையில் காஃபினால் என்ற நீதிபதி ஒரு படையோடு பேரவைக் கட்டடத்துக்கே போய், அங்கே பிடித்துவைத்திருந்த பாரிஸ் காவல்படைத் தளபதி ஆன்ரியோவை மீட்டார். உள்ளே கொல்லோ, நம் இடத்திலேயே சாக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று உறுப்பினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காஃபினால் இன்னும் இரண்டு கதவைத் தள்ளியிருந்தால் கதை வேறு. மேலிடத்து உத்தரவு இல்லை, ஆளை மீட்டாயிற்று என்று திரும்பிவிட்டார். மண்டபத்தின் முன் நின்றவர்கள் நள்ளிரவு தாண்டும்வரை என்ன செய்வது என்று தெரியாமல் காத்திருந்துவிட்டு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். மழை கலைத்தது என்று பழைய நூல்கள் சொல்லும், நான் அதைப் பெரிதாக நம்பவில்லை. இரண்டு காரணங்கள் உறுதியானவை. ஒன்று, நான்கு நாட்களுக்கு முன்தான் அதே நகராட்சி கூலிக்கு உச்சவரம்பு அறிவித்திருந்தது. பல தொழிலாளர்களுக்கு அது பாதிக் கூலி. எபேர் போனதும் தெருவுக்கும் அரசுக்கும் நடுவில் பேச ஆள் இல்லாமல் போயிருந்தது. இரண்டு, பேரவை ரோபஸ்பியரையும் அவரோடு நின்றவர்களையும் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று அறிவித்துத் தெருத்தெருவாகப் படிக்கச் சொன்னது. அப்படி அறிவிக்கப்பட்டவருக்கு விசாரணை கிடையாது, ஆள் அவர்தான் என்று அடையாளம் காட்டினால் போதும். அதைக் கேட்ட பிறகு அங்கே நிற்க யாருக்கு மனம் வரும்?

அதிகாலை இரண்டு மணி அளவில் பேரவையின் படை மண்டபத்துக்குள் நுழைந்தது. லெ பா தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். தம்பி ஜன்னல் வழியே குதித்துக் கால் முறிந்தார். ரோபஸ்பியரின் தாடை குண்டடிபட்டு உடைந்திருந்தது. தானே சுட்டுக்கொண்டாரா, மெர்தா என்ற இளம் சிப்பாய் சுட்டானா என்பது இன்றுவரை தீராத விவகாரம். தான்தான் சுட்டதாக மெர்தா சொல்லிக்கொண்டான், பதவி உயர்வும் பெற்றான், ஆகவே அவன் பேச்சை அப்படியே ஏற்க முடியாது. அந்த இரவின் ஒரு காகிதம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது: ரோபஸ்பியர் வாழ்ந்த வட்டாரத்தை உதவிக்கு அழைக்கும் கடிதம். கீழே அவர் கையெழுத்து முதல் இரண்டு எழுத்தோடு நிற்கிறது, பக்கத்தில் கறைகள். கையெழுத்துப் போடும்போதே குண்டு பாய்ந்தது என்று கதை கட்டியிருக்கிறார்கள். முடிக்க மனமில்லாமல் நிறுத்தினார் என்றும் படிக்கலாம். சட்டம் தெரிந்த வக்கீல் அவர், பேரவைக்கு எதிராக ஆயுதக் கிளர்ச்சிக்கு ஒப்பமிடத் தயங்கினார் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் இது நினைப்புதான், ஆதாரம் இல்லை.

ஜூலை 28 மாலை 22 தலைகள். அதற்கு முன் ஒரு சட்டச் சிக்கல்: அடையாளம் காட்ட நகராட்சி அதிகாரிகள் வேண்டும், அவர்களையும் சட்டத்துக்குப் புறம்பாக்கியாயிற்று. அரசு வழக்கறிஞர் ஃபூக்கியே-தேன்வில் இதை முறைப்படி கேள்வியாக எழுப்பினார், பேரவை அந்த விதியைத் தளர்த்தியது. மறுநாள் நகராட்சி ஆட்கள் சுமார் எழுபது பேர். பாரிஸில் கில்லட்டின் ஒரே நாளில் கொன்றதில் அதுதான் அதிகம். ஆக, பயங்கரத்தின் முடிவு என்று நாம் சொல்லும் நாளுக்கு மறுநாள்தான் பாரிஸில் கில்லட்டினின் உச்ச நாள். குழுவின் பேச்சாளர் பரேர், சின்னக் கலக்கம் நடந்தது, அரசு அப்படியே இருக்கிறது என்கிற தோரணையில் பேசினார். நீதிமன்றத்தைப் புதுப்பிக்கும் பட்டியலில் அதே ஃபூக்கியே-தேன்விலின் பெயரையும் சேர்த்திருந்தார். அதாவது அவர்கள் மனத்தில் இது இன்னொரு தாந்தோன் வழக்கு. ஆள் போனார், இயந்திரம் ஓடட்டும்.

ஓடவில்லை. அதற்குக் காரணம் பேரவையின் பயம். இன்னொரு ரோபஸ்பியர் வரக் கூடாது என்று ஜூலை 29 அன்றே ஒரு விதி போட்டார்கள்: குழுவில் கால்வாசிப் பேர் மாதந்தோறும் வெளியேற வேண்டும், உடனே திரும்பி வர முடியாது. ஆகஸ்ட் 1 அன்று ப்ரேரியால் சட்டம் ரத்து, ஃபூக்கியேயைக் கைது செய்ய உத்தரவு. ஆகஸ்ட் 5 அன்று சரியான காரணம் காட்டப்படாத கைதிகளை விடுவிக்கும் தீர்மானம். ஆகஸ்ட் 24 அன்று பொதுப் பாதுகாப்புக் குழுவைப் போர், வெளியுறவு என்ற அளவுக்குச் சுருக்கினார்கள். என்னைக் கேட்டால் பயங்கரம் முடிந்தது இந்த நான்கு வாரங்களில்தான், கில்லட்டின் நின்ற சதுக்கத்தில் அல்ல. உள்ளே இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள், வாய் திறந்தார்கள், பத்திரிகைகள் மறுபடி பேசின. நாந்த் நகரிலிருந்து விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் செப்டம்பரில் விடுதலையானார்கள். அவர்கள் வழக்கில் வந்த சாட்சியங்கள் கைதிகளை லுவார் ஆற்றில் படகோடு மூழ்கடித்த காரியே பக்கம் திரும்பின. டிசம்பர் 16 அன்று காரியே கில்லட்டினுக்குப் போனார். நவம்பரிலேயே ஜாக்கோபின் மன்றத்தை மூடிவிட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பயங்கரம் ஒரு ஒழுங்கான ஏற்பாடு, அதன் சிற்பி ரோபஸ்பியர் ஒருவரே என்ற சித்திரத்தை வரைந்தவர்கள் தெர்மிடோருக்குப் பிறகு பேசிய தல்லியேன் போன்றவர்கள். அவர்களுக்கு அது தேவையாக இருந்தது, எல்லாப் பாவத்தையும் செத்தவர் தலையில் கட்டலாம் அல்லவா. இன்றைய ஆய்வாளர்கள் பலர் இந்தச் சித்திரத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அதற்காக ரோபஸ்பியர் அப்பாவி என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ப்ரேரியால் சட்டத்தை முன்மொழிந்தவர் கூத்தோன், வலியுறுத்தி நிறைவேற்றியவர் ரோபஸ்பியர்.

கொலையும் நின்றுவிடவில்லை, திசை மாறியது. 1794 டிசம்பரில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். காகிதப் பணம் மதிப்பிழந்தது, கடுங்குளிரில் சேன் நதி உறைந்தது, ரொட்டி இல்லை. 1795 மே 20 அன்று பசித்த கூட்டம் பேரவைக்குள் புகுந்து ஃபெரோ என்ற உறுப்பினரைக் கொன்று, தலையை ஈட்டியில் குத்தித் தலைவர் நாற்காலிக்கு முன் நீட்டியது. இந்த முறை அரசு ராணுவத்தைக் கொண்டுவந்து அடக்கியது. தெற்கே லியோனிலும் மார்செயிலும் சிறைக்குள் புகுந்து முன்னாள் ஜாக்கோபின்களை வெட்டிக் கொன்றார்கள், அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பில்லோவும் கொல்லோவும் கயானாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஃபூஷே மட்டும் பின்னாளில் நெப்போலியனின் போலீஸ் அமைச்சர் ஆனார். அந்த ஆளின் திறமையே தனி.

இது பிரான்சுக்கு மட்டுமா, எல்லா இடத்துக்குமா? ஓரளவுக்குத்தான் பொருந்தும். சோவியத் ரஷ்யாவில் 1937-38 களையெடுப்பை நிறுத்தியவர் அதைத் தொடங்கிய ஸ்டாலினேதான். 1938 நவம்பரில் உத்தரவு போட்டு, பழியை ரகசிய போலீஸ் தலைவர் எஷோவ் மேல் போட்டு, 1940-ல் அவரையும் சுட்டார். ஸ்டாலினைக் கவிழ்க்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. பிரான்சில் பேரவை என்று ஓர் இடமாவது இருந்தது, அங்கே ஒருவர் கத்தினால் மற்றவர் காதில் விழும். 1953-ல் ஸ்டாலின் செத்த பிறகுதான் உள்வட்டம் ஒன்றுகூடி, ரகசிய போலீஸைக் கையில் வைத்திருந்த பெரியா என்பவரைப் பிடித்தது, அதுவும் தங்கள் கழுத்துக்குப் பயந்துதான். சீனாவில் மாவோ இறந்து ஒரு மாதத்துக்குள், 1976 அக்டோபர் 6 அன்று, மாவோவின் மனைவி உள்ளிட்ட தீவிரத் தலைவர்களான நால்வர் கும்பலைக் கட்சித் தலைமையே கைது செய்தது. கம்போடியா வேறு மாதிரி, போல் பாட்டின் கெமர் ரூஜ் கட்சியின் ஆட்சியை முடிக்க 1979 ஜனவரி 7 அன்று தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்தது வியட்நாம் ராணுவம். ஆனால் அங்கேயும் அந்த ராணுவத்தோடு வந்து புதிய அரசை அமைத்தவர்களில் ஹெங் சம்ரின், ஹுன் சென் போன்ற கெமர் ரூஜ் அதிகாரிகள் இருந்தார்கள். போல் பாட் தன் கட்சியின் கிழக்கு மண்டலத்தையே களையெடுக்கத் தொடங்கியதும் எல்லை தாண்டி ஓடியவர்கள் அவர்கள்.